இலக்கியமும் சமூகமும்: பிரெஞ்சு விமர்சனம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சு விமர்சனம் என்று பேச்செடுத்தாலே சார்த்தர், பார்த், பூர்தியு என்று பெயர்கள் வரிசையாக வந்து விழும். அவர்கள் எந்தக் கேள்விக்குப் பதில் தேடினார்கள் என்பது மட்டும் விட்டுப்போகும். ஒரு கதைக்கும் அது பிறந்த ஊர் உலகத்துக்கும் என்ன உறவு என்பதுதான் அந்தக் கேள்வி. இலக்கியம் படிக்கும் மாணவர்களும் வெறும் ஆர்வத்தில் வாசிப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

முடிந்தவரை ஒரே நாவலைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்: ஃப்ளோபேரின் ‘மதாம் பொவாரி’. படிக்காதவர்களுக்காகக் கதை இரண்டு வரியில்: நார்மண்டி கிராமத்து வைத்தியர் சார்ல் பொவாரியை எம்மா கல்யாணம் செய்துகொள்கிறாள். படித்த காதல் கதைகளைப் போலவே வாழ ஆசைப்பட்டு, கள்ள உறவிலும் கடனிலும் சிக்கி, கடைசியில் விஷம் தின்று சாகிறாள்.

இந்தக் கேள்வியை முதலில் கேட்டது யார்?

ஒரு முழுப் புத்தகமாகவே கேட்டவர் மதாம் தெ ஸ்தால் (1766–1817). பதினாறாம் லூயியின் நிதியமைச்சர் நெக்கரின் மகள். புரட்சியைக் கண்ணெதிரே பார்த்தவர். 1800இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே, சமூக நிறுவனங்களோடு இலக்கியத்துக்கு உள்ள உறவைப் பற்றியது. மதமும் பழக்கவழக்கமும் சட்டமும் இலக்கியத்தை எப்படி மாற்றுகின்றன, இலக்கியம் திரும்பி மதத்தையும் பழக்கவழக்கத்தையும் சட்டத்தையும் எப்படி மாற்றுகிறது என்று ஆராயப் போவதாக நூலின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்.

கேள்விக்கு இரண்டு பாதி இருப்பதைக் கவனியுங்கள். பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியைக் கைவிட்டார்கள். நெப்போலியன் கைவிடவில்லை. ஸ்தாலைப் பாரிசுக்குள் நுழையவிடாமல் துரத்தினான். 1810இல் ஜெர்மனி பற்றி அவர் எழுதிய நூலை அச்சானதும் போலீஸ் பறிமுதல் செய்து அழித்தது. அது 1813இல் லண்டனில்தான் வெளிவந்தது. எழுத்து சமூகத்தை மாற்றாது என்று நம்பும் ஆட்சி இத்தனை சிரமம் எடுத்துக்கொள்ளாது.

‘இலக்கியம் சமூகத்தின் கண்ணாடி’ என்பது பிரெஞ்சுக்காரர்கள் சொன்னதுதானா?

பாதி சரி. ‘இலக்கியம் சமூகத்தின் வெளிப்பாடு’ என்ற வாக்கியம் பொனால் என்ற முடியாட்சி ஆதரவாளருடையது, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொன்னது. கண்ணாடி உவமையைப் பிரபலமாக்கியவர் ஸ்தாந்தால், ‘சிவப்பும் கறுப்பும்’ (1830) நாவலில். அதை எடுத்தாள்பவர்கள் பாதியோடு நிறுத்திவிடுவதில்தான் எனக்கு வருத்தம். ஸ்தாந்தாலின் கண்ணாடி சுவரில் மாட்டியது இல்லை. ஒரு ஆள் அதை முதுகில் சுமந்துகொண்டு சாலையில் நடக்கிறான். ஒரு நேரம் நீல வானம் தெரிகிறது, ஒரு நேரம் குட்டையின் சேறு தெரிகிறது. சேற்றுக்காகக் கண்ணாடிக்காரனைத் திட்டாதீர்கள், தண்ணீரைத் தேங்கவிட்ட சாலை அதிகாரியைக் கேளுங்கள் என்கிறார்.

அப்படியானால் சுமப்பவன் யார், எந்தச் சாலையில் நடக்கிறான், எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறான் என்றெல்லாம் கேட்க வேண்டும். உருப்படியான பிரெஞ்சு விமர்சனம் இந்த இடைப்பட்ட கேள்விகளில்தான் இருக்கிறது.

இனம், சூழல், காலகட்டம் என்கிறார்களே, அது என்ன?

இப்போலித் தெய்ன் (1828–1893) கொடுத்த சூத்திரம். ஆங்கில இலக்கிய வரலாற்றுக்கு 1863இல் எழுதிய முன்னுரையில் வைத்தார். எழுத்தாளன் எந்த இனத்தில் பிறந்தான், எந்தத் தட்பவெப்பத்திலும் சமூகத்திலும் வளர்ந்தான், வரலாறு அப்போது எந்தக் கட்டத்தில் இருந்தது: இந்த மூன்றும் தெரிந்தால் நூலை விளக்கிவிடலாம் என்றார். கந்தக அமிலமும் சர்க்கரையும் போல ஒழுக்கமும் ஒழுக்கக்கேடும் விளைபொருள்கள்தான் என்பது அவருடைய புகழ்பெற்ற வரி. ஜோலா அதைத் தன் நாவல் ஒன்றுக்கு முகப்பு வாசகமாகவே வைத்துக்கொண்டார்.

‘இனம்’ என்ற முதல் தூணை இன்று யாரும் ஏற்க முடியாது. மற்ற இரண்டுக்கும் பெறுமதி உண்டு, ஆனால் போதாது. ஏன் போதாது என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு கொர்னேய் சகோதரர்கள். பியேர் கொர்னேய், தம்பி தோமா. இருவரும் ரூவான் நகரத்தில் ஒரே வீட்டில் பிறந்தவர்கள். இருவரும் அங்கே ஜெசுயிட் பள்ளியில் படித்தார்கள். இருவரும் சட்டம் பயின்றார்கள். அக்கா தங்கையையே மணந்தார்கள். இருவரும் நாடகம் எழுதினார்கள். தம்பியின் ‘திமோக்ராத்’ (1656) அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய மேடை வெற்றிகளில் ஒன்று. அண்ணன் இறந்ததும் பிரெஞ்சு அகாதெமியில் அவருடைய இருக்கைகூடத் தம்பிக்கே வந்தது. இனம், சூழல், காலம் எதிலும் பெரிய வேறுபாடு இல்லை. இன்று மேடையேறுவது அண்ணனின் ‘ல சீத்’. தம்பியை ஆராய்ச்சியாளர்கள் மட்டும் படிக்கிறார்கள்.

எழுத்தாளரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் போதாதா?

சான்த் பெவ் (1804–1869) அப்படித்தான் நம்பினார். திங்கள்தோறும் நாளிதழில் கட்டுரை எழுதியவர். மரம் எப்படியோ கனி அப்படி என்பது அவர் கட்சி. மதத்தைப் பற்றி என்ன நினைத்தான், பணத்தில் எப்படி, பெண்களிடம் எப்படி, பணக்காரனா ஏழையா என்றெல்லாம் விசாரிக்கச் சொன்னார். ஆனால் தனக்குப் பழக்கமான சமகாலத்தவர்களையே எடைபோடத் தவறினார். நாவலாசிரியர்கள் ஸ்தாந்தால், பால்சாக், கவிஞர் போத்லேர் மூவருக்கும் உரிய இடத்தை அவர் கொடுக்கவில்லை. நாவலாசிரியர் ப்ரூஸ்த் பின்னால் சொன்ன பதில் எனக்குப் போதும்: நம் பழக்கவழக்கங்களிலும் நாலு பேர் நடுவிலும் நாம் காட்டும் ‘நான்’ வேறு, புத்தகத்தை எழுதும் ‘நான்’ வேறு.

மக்கள் உண்மையில் என்ன படித்தார்கள் என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். குஸ்தாவ் லான்சோன் என்ற பேராசிரியர் 1904இல் இலக்கிய வரலாறும் சமூகவியலும் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். வாசகர்களையும் சேர்த்து வரலாறு எழுத வேண்டும் என்று வாதாடியவர் அவர். அவருடைய மாணவர் தானியேல் மோர்னே, 1750க்கும் 1780க்கும் இடைப்பட்ட 500 தனியார் நூலகங்களின் பட்டியல்களை எடுத்து உட்கார்ந்து எண்ணினார். கிட்டத்தட்ட 20,000 புத்தகங்கள். பிரெஞ்சுப் புரட்சிக்கு வித்திட்டதாக எல்லாரும் சொல்லும் ரூசோவின் ‘சமுதாய ஒப்பந்தம்’ அவற்றில் எத்தனை பிரதி இருந்தது தெரியுமா? ஒன்றே ஒன்று. 1910இல் இதை வெளியிட்டார்.

அந்த எண்ணைக் கண்டு ரூசோவுக்குச் செல்வாக்கே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். அவை ஏலத்துக்கு வந்த வசதியானவர்களின் நூலகங்கள். தடைசெய்த புத்தகங்களைப் பட்டியலில் காட்டமாட்டார்கள். ஆனாலும் ‘இந்த நூல் சமூகத்தையே புரட்டிப்போட்டது’ என்று யாராவது மேடையில் முழங்கும்போதெல்லாம் எனக்கு மோர்னேயின் அந்த ஒற்றைப் பிரதி நினைவுக்கு வரும். யார் கையில் இருந்தது, எத்தனை பேர் படித்தார்கள் என்று கேட்கும் பழக்கத்தை அவர்தான் கற்றுக்கொடுத்தார். 1958இல் ரொபேர் எஸ்கார்பி எழுதிய ‘இலக்கியச் சமூகவியல்’ என்ற சிறு நூல் இந்தப் பாதையில் இன்னும் தூரம் போனது. பதிப்பாளர், கடை, வாசகர் என்று புத்தகம் கைமாறும் வழியை அது பின்தொடர்கிறது.

ஒரு நாவல் சமூகத்தை உறுத்தியதற்குச் சான்று உண்டா?

நீதிமன்ற ஆவணமாகவே உண்டு. ‘மதாம் பொவாரி’ 1856 கடைசியில் ஒரு பத்திரிகையில் தொடராக வந்ததும் அரசு வழக்குப் போட்டது. குற்றச்சாட்டு: பொது ஒழுக்கத்துக்கும் மதத்துக்கும் இழுக்கு. அரசு வழக்கறிஞர் எர்னஸ்ட் பினாருடைய வாதத்தில் ஒரு கேள்வி என்னை உலுக்கியது: இந்தப் புத்தகத்துக்குள் இந்தப் பெண்ணைக் கண்டிக்கத் தகுதியுள்ளவர் யார்? யாருமில்லை.

அவர் வாசித்தது சரி. கணவன் அப்பாவி. பாதிரியாருக்கு எதுவும் புரிவதில்லை. மருந்துக்கடைக்காரர் ஓமே வாய்ச்சவடால் ஆசாமி. சரி, கதை சொல்பவராவது கண்டிக்கிறாரா? அவர் எம்மாவின் மனத்துக்குள் போய் அவள் சொற்களிலேயே அவள் பரவசத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். ‘அவள் நினைத்தாள்’ என்ற அடையாளமே இல்லாமல் பாத்திரத்தின் எண்ணம் கதைசொல்லியின் வாக்கியமாக வரும் இந்த நடை அன்றைய வாசகருக்குப் பழக்கமில்லாதது. தீர்ப்புச் சொல்லும் குரலுக்குப் பழகிய சமூகம், அந்தக் குரல் இல்லாத புத்தகத்தைக் கண்டு மிரண்டது. கள்ள உறவு பற்றி அதற்கு முன்பும் எத்தனையோ கதைகள் இருந்தன. இங்கே மிரட்டியது வாக்கியம் எழுதிய முறை.

1857 பிப்ரவரி 7இல் ஃப்ளோபேர் விடுதலையானார். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே பினார், போத்லேர்மீது வழக்கு நடத்தினார். கவிஞருக்கு 300 ஃபிராங்க் அபராதம், ஆறு கவிதைகளுக்குத் தடை. அந்தத் தீர்ப்பு ரத்தாக 1949 வரை ஆனது.

எழுத்தாளர் சமூகப் பொறுப்போடுதான் எழுத வேண்டும் என்றாரா சார்த்தர்?

ஆமாம், தத்துவவாதியும் நாவலாசிரியருமான அவர் கடுமையாகவே சொன்னார். 1945இல் தன் பத்திரிகையின் முதல் இதழில், 1871 பாரிஸ் கம்யூனை (மக்கள் எழுச்சியில் பிறந்த நகர ஆட்சியை) அடக்கியபோது அதைத் தடுக்க ஒரு வரிகூட எழுதாததால் ஃப்ளோபேரும் இன்னொரு எழுத்தாளரான கோன்கூரும் அந்த அடக்குமுறைக்குப் பொறுப்பு என்றார். எனக்கு இதில் உடன்பாடில்லை. எழுதாத வரிக்காக ஒருவரைக் கூண்டில் ஏற்றினால் எல்லா எழுத்தாளரையும் ஏற்ற வேண்டியிருக்கும்.

‘இலக்கியம் என்றால் என்ன?’ (1947) என்ற கட்டுரைத் தொடரில் அவர் கேட்கும் ‘யாருக்காக எழுதுகிறோம்?’ என்ற கேள்வி மட்டும் மிக முக்கியம். வெர்கோர் எழுதிய ‘கடலின் மௌனம்’ என்ற குறுநாவலை எடுத்துக்காட்டுகிறார். நாஜிப் படை பிரான்சைப் பிடித்து வைத்திருந்தபோது, 1942இல், ரகசியமாக அச்சான கதை. ஒரு ஜெர்மன் அதிகாரி ஒரு பிரெஞ்சு வீட்டில் தங்குகிறான். பண்புள்ளவன், இசை தெரிந்தவன். வீட்டுப் பெரியவரும் அவர் உடன்பிறந்தவரின் மகளும் அவனிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவ்வளவுதான் கதை. நியூயார்க்கிலும் லண்டனிலும் இருந்த அகதிகள் கொதித்தார்கள்: எதிரியை நல்லவனாகக் காட்டுகிறானே! பிரான்சுக்குள்ளே யாருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை. ஜெர்மானியரைத் தெருவில் தினமும் பார்த்தவர்களுக்கு அரக்கன் கதை ஒட்டாது. நல்லவனாகவே இருந்தாலும் பேசாதே என்றால்தான் உறைக்கும். போர் முற்றியதும், 1942 முடிவதற்குள், அந்தக் கதையின் வேகம் தணிந்துவிட்டது என்கிறார் சார்த்தர். வாழைப்பழத்தைப் பறித்த கையோடு தின்றால்தான் ருசி, புத்தகமும் அப்படித்தான் என்பது அவர் உவமை.

அப்புறம், ஃப்ளோபேரைக் கூண்டில் ஏற்றிய அதே மனிதர் தன் கடைசிப் பெரிய உழைப்பை ஃப்ளோபேர் பற்றிய மூன்று பெரும் தொகுதிகளுக்கே கொடுத்தார். ‘மதாம் பொவாரி’க்கென வைத்திருந்த நான்காம் தொகுதி எழுதப்படவே இல்லை.

கோல்ட்மன் சொன்ன ‘உலகப் பார்வை’ என்றால் என்ன?

லூசியென் கோல்ட்மன் (1913–1970) ருமேனியாவில் பிறந்து பாரிசுக்கு வந்தவர், மார்க்சியர். 1955இல் வந்த ‘மறைந்த கடவுள்’ அவருடைய முக்கிய நூல். 17ஆம் நூற்றாண்டின் சிந்தனையாளர் பஸ்காலையும் நாடகாசிரியர் ரசீனையும் சேர்த்து வைத்து அவர் கேட்டது: இந்த இருவர் எழுத்திலும் மனிதன் ஏன் இப்படி மாட்டிக்கொண்டு நிற்கிறான்? உலகம் அவனுக்கு வேண்டாம், ஆனால் அதைவிட்டுப் போகவும் முடியாது. கடவுள் பார்த்துக்கொண்டே இருக்கிறார், ஆனால் வாய் திறப்பதில்லை.

விடையை அவர் ஒரு குறிப்பிட்ட கூட்டத்தில் தேடினார். அரசரிடம் காசு கொடுத்துப் பதவி வாங்கிய நீதிபதிகளும் அதிகாரிகளும் அன்று ஒரு தனி அடுக்கு. ‘அங்கிப் பிரபுக்கள்’ என்று அவர்களைச் சொல்வார்கள். முடியாட்சி பலப்படப் பலப்பட, அரசர் தன் நேரடி ஆட்களை மாகாணங்களுக்கு அனுப்பி இவர்களின் அதிகாரத்தைப் பிடுங்கினார். அரசரை எதிர்க்க இவர்களுக்குக் காரணம் இருந்தது. ஆனால் பதவியே அரசர் போட்டது, எதிர்த்தால் தங்கள் காலடி மண்ணே போய்விடும். இந்த அடுக்கில்தான் ஜான்செனிசம் என்ற கண்டிப்பான கத்தோலிக்க இயக்கம் வேர்விட்டது. அதன் மையமான போர்-ரொயால் மடத்தின் நிழலில்தான் அநாதைச் சிறுவன் ரசீன் படித்து வளர்ந்தான். பிறகு ‘ஃபேத்ர்’ (1677) எழுதினார்: தகாத ஆசையைச் சொல்லவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல், சூரியனின் பார்வைக்குக் கூசி அழியும் ஒரு ராணியின் நாடகம்.

நாடகத்தில் வரி பற்றியோ நீதிமன்றம் பற்றியோ ஒரு சொல் இல்லை. அதுதான் கோல்ட்மனின் கருத்தே. சமூகம் உள்ளடக்கமாக வரவேண்டியதில்லை. ஒரு கூட்டம் தன் நிலைமையை உணரும் வடிவமும் (அதைத்தான் ‘உலகப் பார்வை’ என்கிறார்) நூலின் வடிவமும் ஒத்துப்போனால் போதும். அந்த ஒத்திசைவைப் பெரிய எழுத்தாளன்தான் முழுமையாகக் கொண்டுவருகிறான். இதில் இடைவெளிகள் உண்டு, அதே கூட்டத்தில் பிறந்த மற்றவர்கள் ஏன் ரசீன் ஆகவில்லை என்பதற்கு இங்கேயும் விடை இல்லை. ஆனாலும் தெய்னைவிடப் பல மடங்கு கூர்மை. ‘பிரெஞ்சு இனம்’ என்று பொதுவாகப் பேசாமல், எந்த வேலை பார்த்தவர்கள், யாரிடம் சம்பந்தப்பட்டவர்கள், எதை இழந்தவர்கள் என்று கேட்கிறார்.

ரொலான் பார்த் ‘ஆசிரியன் இறந்துவிட்டான்’ என்றது சமூகத்தையும் சேர்த்து வெளியேற்றவா?

இல்லை. தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் இந்த வாசகம் பெரும் சண்டையைக் கிளப்பியது. பலர் அதைப் ‘பிரதி மட்டும் போதும்’ என்று புரிந்துகொண்டார்கள். அந்தக் கட்டுரை (1967) ஆசிரியரின் நோக்கத்தை இறுதித் தீர்ப்பாக வைக்காதே என்கிறது. சமூகம் பற்றிப் பார்த் அதற்கு முன்பே தெளிவாகப் பேசியிருந்தார். 1963இல் வந்த ரசீன் பற்றிய நூலில் ஒரு கட்டுரை, இலக்கிய வரலாறு உண்மையிலேயே வரலாறாக வேண்டுமானால் தனி மனிதர்களைவிட்டு இலக்கியம் என்ற நிறுவனத்தை, அதன் வாசகர்களை, அதன் பழக்கங்களை ஆராய வேண்டும் என்கிறது. ரசீன் நிபுணரான சொர்போன் பேராசிரியர் ரேமோன் பிக்கார் 1965இல் இந்தப் ‘புதிய விமர்சனம்’ ஒரு மோசடி என்று நூலே எழுதினார். பார்த் அடுத்த ஆண்டு பதில் நூல் எழுதினார். நாளிதழ்கள்வரை போன சண்டை அது.

‘சமூகவிமர்சனம்’ என்ற பெயரில் ஒரு தனிப் பள்ளி உண்டாமே?

உண்டு. க்ளோத் துஷே 1971இல் ஒரு பத்திரிகையின் முதல் இதழில் தொடங்கிவைத்தார். சமூகத்தை நூலுக்கு வெளியே தேடாதே, வாக்கியத்துக்குள் தேடு என்பது அவர் வழி. அவர் எடுத்துக்கொண்டது ‘மதாம் பொவாரி’யின் முதல் வாக்கியம். எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த இடமும் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நாவல் இப்படித் தொடங்குகிறது: நாங்கள் படிப்பறையில் இருந்தோம். தலைமை ஆசிரியர் உள்ளே வந்தார். பின்னால் ‘பூர்ஷ்வா உடையில்’ ஒரு புதுப் பையன். அதற்கும் பின்னால் பெரிய மேசையைச் சுமந்துகொண்டு ஒரு பள்ளி வேலையாள்.

‘பூர்ஷ்வா உடை’ என்றால் இங்கே பள்ளிச் சீருடை போடாமல் வெளி உடையில் வந்திருக்கிறான் என்று பொருள். ஆனால் அந்தச் சொல் வேறொன்றையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது: அவன் பார்வைக்குப் பட்டிக்காட்டுப் பையன், ஏற முயலும் படியின் பெயர் பூர்ஷ்வா, அதாவது வசதியான நகரத்து நடுத்தர வர்க்கம். முதல் சொல் ‘நாங்கள்’. வகுப்பு ஒரு கூட்டமாக அவனைப் பார்க்கிறது. சில பக்கங்களில் அந்த ‘நாங்கள்’ நாவலைவிட்டே காணாமல் போகிறது, ஆனால் சார்ல் பொவாரியை வாசகர் கடைசிவரை அந்தக் கண்ணால்தான் பார்க்கிறார். மேசை சுமக்கும் ஆளுக்குப் பெயரில்லை. யார் முன்னே, யார் பின்னே, யார் கையில் சுமை என்று அந்த ஒரு வரிசையே படிநிலையைச் சொல்லிவிடுகிறது.

கொஞ்சம் தள்ளி அவன் தொப்பி வருகிறது. வகுப்புக்குள் நுழைந்ததும் தொப்பியை வாசலிலிருந்தே பெஞ்சுக்கடியில் சுவரில் மோதுகிறமாதிரி வீசுவது அங்கே பழக்கம். புதியவனுக்குத் தெரியவில்லை, அல்லது துணியவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டிருக்கிறான். அது கரடித்தோல் தொப்பி, ராணுவத் தொப்பி, வட்டத் தொப்பி, நீர்நாய்த் தோல் தொப்பி, பருத்திக் குல்லா எல்லாம் கலந்த விசித்திரம். ஃப்ளோபேர் அடுக்கு அடுக்காக வர்ணித்துக்கொண்டே போய்ச் சட்டென்று முடிக்கிறார்: ‘அது புதியது, முன்விளிம்பு மின்னியது.’

பிள்ளையைப் படிக்க அனுப்பும்போது வீட்டில் பார்த்துப் பார்த்து வாங்கிய பொருள் என்பதை அந்தப் ‘புதியது’ ஒரே சொல்லில் சொல்கிறது. எல்லாத் தகுதியும் ஒரு தொப்பியில் இருக்க வேண்டுமென்று நினைத்த குடும்பம், எந்தத் தகுதியும் வாய்க்காத பையன். வகுப்பு சிரிக்கிறது.

பூர்தியுவின் ‘புலம்’ என்ற கருத்து எதற்கு?

கண்ணாடி சுமப்பவனின் சாலையைக் காட்டுவதற்கு. சமூகம் நேரடியாகப் புத்தகத்துக்குள் புகுவதில்லை; எழுத்தாளர், பதிப்பாளர், விமர்சகர், பரிசுக் குழு, பத்திரிகை என்று ஒரு தனி உலகம் நடுவில் இருக்கிறது, அதற்குச் சொந்த விதிகள் உண்டு என்கிறார் சமூகவியலாளர் பூர்தியு. அதைத்தான் இலக்கியப் புலம் என்றார். ‘கலையின் விதிகள்’ (1992) இதன் முழு விளக்கம்.

அந்த உலகத்தில் கணக்கு தலைகீழ். உடனே நிறைய விற்பது சந்தேகத்தைக் கிளப்பும், விற்காதது மதிப்பைச் சேர்க்கும். ராப்-கிரியேயின் ‘பொறாமை’ (1957) என்ற நாவல் முதல் ஆண்டில் ஆயிரம் பிரதிகூடப் போகவில்லை. பத்தாண்டு கழித்து அது பாடத்திட்ட நூல், விற்பனை பல மடங்கு.

ஃப்ளோபேரை அவர் விளக்கும் விதம் தெய்னுக்கு எட்டாதது. அன்று ஒரு பக்கம், உயர்ந்த பொருளை உயர்ந்த நடையில் எழுதியவர்கள். மறுபக்கம், சாதாரண வாழ்க்கையைச் சாதாரணமாக எழுதிய யதார்த்தவாதிகள். ஃப்ளோபேர் இரண்டு பக்கத்தையும் மறுத்தார். சாதாரணத்தைக் கவிதைக்குரிய சிரத்தையோடு எழுதினார். ஒரு நாவலோடு கிட்டத்தட்ட ஐந்து ஆண்டு உட்கார்ந்தார். உட்கார முடிந்ததற்குக் காரணம் குடும்பச் சொத்து. தகப்பனார் ரூவான் மருத்துவமனையின் தலைமை அறுவைச் சிகிச்சையாளர். பூர்தியு இதை மறைக்காமல் சொல்வது எனக்குப் பிடிக்கும். சந்தையின் தயவு வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரத்துக்கும் ஒரு விலை உண்டு, அதை யாரோ கட்டியிருக்கிறார்கள்.

இப்படியெல்லாம் ஆராய்ந்தால் வாசிக்கும் இன்பம் போய்விடாதா?

மோசமான ஆராய்ச்சியில் போய்விடும். ஒரு நாவலைத் திறந்து ‘இதில் நிலவுடைமை தெரிகிறது’ என்று முத்திரை குத்தி மூடுவதைப் பார்த்தால் எனக்கும் கோபம் வரும். தொப்பியைப் பற்றித் துஷேயின் வழியில் யோசித்த பிறகு நான் அந்தப் பக்கத்தை மறுபடி படித்தபோது, முன்பு சிரித்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. இன்பம் குறையவில்லை, கனம் கூடியது.

இவர்கள் எல்லாரும் மார்க்சியர்களா?

இல்லை. பொனால் முடியாட்சிவாதி, தெய்ன் கம்யூனுக்குப் பிறகு பழமைவாதி, லான்சோன் குடியரசின் கல்விமான். கோல்ட்மன் மார்க்சியர். பூர்தியு மார்க்சிடமும், சமூகவியலின் முன்னோடிகளான வேபரிடமும் துர்கைமிடமும் எடுத்துக்கொண்டவர்.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

கோட்பாட்டு நூலிலிருந்து வேண்டாம். ‘மதாம் பொவாரி’யைப் படித்துவிட்டு ஆனி எர்னோவின் ‘இடம்’ (1983) என்ற மெலிந்த புத்தகத்தை எடுங்கள். 2022இல் நோபல் பெற்றவர். பூர்தியுவின் எழுத்து தனக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்று வெளிப்படையாகச் சொன்னவர். அந்தப் புத்தகம் அவருடைய அப்பாவைப் பற்றியது: பண்ணைக்கூலியாகத் தொடங்கி, ஆலைத் தொழிலாளியாகி, பிறகு ஒரு சின்ன மளிகையும் மதுக்கடையும் வைத்தவர். மகள் படித்து ஆசிரியையானாள், இருவருக்கும் நடுவே பேச்சு வற்றியது. அவரைப் பற்றி நாவல் எழுதப் பார்த்துக் கூசிப்போய், ஒரு காலத்தில் பெற்றோருக்குக் கடிதம் எழுதிய அதே தட்டையான நடையில் எழுத முடிவுசெய்தார். அலங்காரம் செய்தால் அப்பாவுக்கு மேலே ஏறி நின்று பார்ப்பதாகிவிடும் என்ற அச்சம்.

அந்தக் கடை இருந்த ஊர் நார்மண்டியில் உள்ள இவ்தோ. ‘மதாம் பொவாரி’யில் எம்மாவின் கல்யாண விருந்துக்கு அடுக்கடுக்கான கேக் ஒன்று வரும், ஞாபகமிருக்கிறதா? அதைச் செய்த பலகாரக்காரரை இவ்தோவிலிருந்துதான் கூட்டிவந்தார்கள். அந்த வட்டாரத்தில் அவர் அப்போதுதான் தொழில் தொடங்கியிருந்ததால் மிகவும் சிரத்தை எடுத்துக்கொண்டார் என்று ஃப்ளோபேர் ஒரு வரி சேர்க்கிறார். இரண்டு புத்தகத்தையும் படித்த பிறகு அந்த வரிக்குத் திரும்பி வாருங்கள்.